ஏத்து என்று சொன்னது யார்

என் கணவருக்கு ரத்த அழுத்தம் வந்ததற்கு நான்தான் காரணம் என்று அவருடைய அக்கா போனில் சொன்னபோது, வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. கோபுரக் கிரேனின் உச்சியில், காற்றில் ஆடுகிற ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, டன் கணக்கில் கம்பிக்கட்டுகளைத் தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல இறக்கி வைக்கிற மனிதர் அவர். வேலையிடத்தில் எல்லோரும் அவரை 'உச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். இடி இடித்தாலும் கை நடுங்காது. அப்பேர்ப்பட்டவரின் ரத்தத்தை வெறும் வாயால் கொதிக்க வைக்க என்னால் முடிகிறது என்றால் அது லேசுப்பட்ட திறமையா?

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். பாடப்புத்தகம், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற துண்டுக் காகிதம், கம்பெனிகளின் ஆண்டறிக்கை என்று எது அச்சுக்குப் போவதானாலும் முதலில் என் மேசைக்கு வரும். பகல் முழுக்கப் பிழை தேடிய கண்ணை அச்சகத்திலேயே விட்டுவிட்டு வர முடியாது. வீட்டிலும் அதே வேலை, சம்பளம் மட்டும் கிடையாது. அவர் ஏதாவது கதை சொன்னால் ஆளை மாற்றிச் சொல்வார், ஊரை மாற்றிச் சொல்வார். நான் திருத்துவேன்.

"நீ அங்க இருந்தியா?" என்பார்.

"இருந்த உங்களுக்கே தெரியலையே, அதான் சொல்றேன்" என்பேன்.

பிறகு குழாய். அவர் மூடிய குழாயை இன்னொரு மனிதப் பிறவி திறக்க முடியாது. நாளெல்லாம் லீவர் பிடித்த கை. நான் பல் விளக்க வேண்டும் என்றால் அவரை எழுப்ப வேண்டும். எழுப்பும்போதே சண்டையும் எழுந்துவிடும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிற யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் மருத்துவப் பரிசோதனை உண்டு. அந்த வருஷம் கம்பெனி டாக்டர் வலது கையில் அளந்தார், இடது கையில் அளந்தார், கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி அளந்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இதோட உங்கள மேல ஏத்த முடியாது. இறங்கட்டும், கையெழுத்துப் போடுறேன்."

அதுவரைக்கும் தரையில் வேலை. ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து தலைக்கவசமும் கையுறையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவருடைய கூண்டில் வேறொருவர் ஏறினார். கட்டடம் அப்போது பாதிதான் எழும்பியிருந்தது. அஸ்திவாரத்திலிருந்து அவர் தூக்கிக் கொடுத்த கட்டடம். மொட்டை மாடிக்கான கடைசிக் கம்பியையும் தன் கையால்தான் வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "பாதியில விட்டுட்டுப் போறதுக்கு நான் என்ன மழையா?" என்று மட்டும் சொன்னார்.

முதலில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இறங்கவில்லை. இரண்டாவதைச் சேர்த்தார்கள். மூன்றாவதையும் சேர்த்தார்கள். எங்கள் தெரு முனையில் இருந்த டாக்டர் ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்பார்: "வீட்ல எதுவும் டென்ஷன் உண்டா?"

என் கணவர் தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான். டாக்டரும் என்னைப் பார்ப்பார். சுவரில் மாட்டியிருந்த இதயத்தின் படம்கூட என்னைப் பார்ப்பது போலிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனாரின் போன் வந்தது.

"நீ வாயக் கொஞ்சம் கட்டி வச்சேன்னா என் தம்பி பொழச்சுக்குவான். நான் சொல்றது உனக்குக் கசக்கும்."

"கசக்கல அண்ணி. இனிமே ஒரு வார்த்தை பேச மாட்டேன், பாருங்க."

"பாக்கத்தானே போறேன்" என்று வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் சண்டையை நிறுத்தினேன். உலகத்தில் யாரும் செய்யாத தியாகம் என்றுதான் அப்போது நினைத்தேன். குழாயைத் திறக்க ஒரு குறடு வாங்கிச் சமையலறை இழுப்பறையில் மறைத்து வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் எங்கள் கல்யாணக் கதையைச் சொல்லி, என் அப்பாவை மாமாவாக்கி, வெயிலை மழையாக்கியபோதும் நாக்கைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தேன். அவர் என்ன சொன்னாலும் ஒரே பதில்தான்.

"சரிங்க."

ஜன்னலைச் சாத்தட்டுமா என்றால், சரிங்க. திறக்கட்டுமா என்றால், அதற்கும் சரிங்க. சாப்பாட்டில் உப்பே இல்லையே என்று அவர் வேண்டுமென்றே தட்டைத் தள்ளி வைத்த அன்று, "டாக்டர் சொன்னதுதாங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றேன். அவர் என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தட்டை இழுத்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு அவரும் மாறினார். படித்த செய்தித்தாளை மடித்து வைத்தார். குழாயை மென்மையாக மூடினார். அவ்வளவு மென்மையாக மூடிப் பழக்கமில்லாததால் அது சொட்டிக்கொண்டே இருந்தது. நாங்கள் இருவரும் நாற்காலிகளில் உட்கார்ந்து, குழாய் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்தோம். மரியாதை எங்கள் வீட்டுக்குள் வந்து நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அடுத்த தடவை அளந்தபோது அழுத்தம் முன்பைவிட ஏறியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முடிவெட்டப் போயிருந்தபோது 'கொடி' வந்தார். அவருடைய கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டுகிறவர். கூண்டில் இருப்பவருக்குச் சரக்கு இறங்குகிற இடம் பாதி நேரம் தெரியாது. கீழே நிற்கிறவர் ஏத்து, இறக்கு, நிறுத்து என்று சொல்வதை நம்பித்தான் லீவரை அசைக்க வேண்டும். இப்போதெல்லாம் வயர்லெஸ் வந்துவிட்டது. ஆனால் கொடி பிடித்த காலத்தில் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

கொடி உட்கார மறுத்துக் கதவருகிலேயே நின்றார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணி, நேரா கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. அண்ணனுக்கு எவ்வளவு நாள் சொல்லிருக்காங்க?"

"எதுக்கு எவ்வளவு நாள்?"

"மறைக்காதீங்க அண்ணி. அண்ணனே எங்கிட்ட சொல்லிட்டாரு. டாக்டர் உங்ககிட்ட மட்டும் தனியா ஏதோ சொல்லிருக்காரு, இல்லன்னா நீங்க இப்படி மாற மாட்டீங்கன்னு."

"எப்படி மாறிட்டேன்?"

"உப்பில்லன்னு தட்டத் தள்ளினதுக்கு நீங்க திட்டலையாமே!" என்று சொல்லும்போதே கொடிக்குக் குரல் உடைந்துவிட்டது. "'அன்னைக்கே முடிஞ்சிருச்சுடா, நான் போயிருவேன்டா'ன்னு ஸ்டோர் ரூம்ல உக்காந்து அழுதாரு. அவரோட ஸ்பேனர் செட்ட என்னை எடுத்துக்கச் சொல்லிட்டாரு. இந்த வீட்டுக் குழாய எல்லாம் தட்டினா திறக்குற மாதிரி மாத்திக் குடுத்துருடா, அவ கைக்கு இது திறக்காதுன்னாரு."

நான் சிரித்தேனா அழுதேனா என்று கொடியைத்தான் கேட்க வேண்டும். இப்போது அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தலைமுடியைக் குறைத்துக்கொண்டு உள்ளே வந்த என் கணவர், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து, தன் தீர்ப்பு வந்துவிட்டது என்று நினைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, உங்களுக்குச் சாவு வருதுன்னு எந்த மடையன் சொன்னான்?" என்று கத்தினேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவ திட்டு" என்றார்.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு வரியில் சந்தேகப்பட்ட சொல்லை மாற்றிய பிறகும் வரி கோணலாகவே இருந்தால், பிழை வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம். நான் வாயை மூடியும் ஏறுகிறது என்றால்? மறுநாள் தெருமுனை டாக்டரிடம் போய், "இவ்வளவு நாளா நான் பேசவே இல்ல டாக்டர், அப்பவும் ஏறுது" என்று புகார் கொடுத்தேன். அவர் என் தியாகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாத்திரைக்கும் இறங்காததால் அன்று எப்படியும் சிறுநீரக டாக்டருக்குச் சீட்டு எழுதுவதாக இருந்தாராம். எழுதியே வைத்திருந்தார்.

சிறுநீரக டாக்டர் இளவயதுப் பெண். அதிகம் பேசாதவர். ரத்தப் பரிசோதனைத் தாளில் பொட்டாசியம் குறைவாக இருப்பதைப் பார்த்து "ம்ம்" என்றார். பிறகு என் கணவரைப் படுக்கச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைக்காமல் தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்தார். இடம் மாறி வைக்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் சரியான இடத்தில் அடக்கிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

"புஸ் புஸ்னு ஒரு சத்தம் கேக்குது. ஸ்கேன் எடுத்துரலாம்" என்றார்.

ஸ்கேனில் இடது சிறுநீரகம் சற்றுச் சுருங்கியிருந்தது. அதற்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஓரிடத்தில் நூல் போல மெலிந்திருந்தது. டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"கிட்னி சும்மா சிறுநீர் பிரிக்கிற வேலை மட்டும் பாக்குறதில்லம்மா. வர்ற ரத்தம் போதுமான்னு சதா கவனிச்சுக்கிட்டே இருக்கும். குறைஞ்சா 'ரெனின்'னு ஒண்ணை ரத்தத்துல விடும். இவருக்கு உடம்பு முழுக்க அழுத்தம் தாராளமா இருக்கு. ஆனா இந்தக் கிட்னிக்கு வர்ற குழாய் மட்டும் அடைச்சிருக்கு. அதுக்கு அது தெரியாது. ஊருக்கே ரத்தம் பத்தலன்னு நினைச்சுக்குது."

"அந்த ரெனின் தான் அழுத்தத்த ஏத்துதா?" என்றேன்.

"அது தனியா ஒண்ணும் பண்ணாது. கல்லீரல்ல இருந்து வர்ற ஒரு புரதத்த வெட்டிவிடும். வெட்டின துண்டுக்கும் பெரிய வேகம் கிடையாது. அது நுரையீரல் பக்கம் போகும்போது இன்னும் கொஞ்சம் வெட்டுப்படும். அப்பத்தான் வேகம் வரும். ரத்தக்குழாய் எல்லாத்தையும் இறுக்கும். கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு, அதையும் தட்டி எழுப்பும். அது இன்னொரு ஹார்மோனை விடும். உப்பப் பிடிச்சு வை, தண்ணியப் பிடிச்சு வைன்னு அது கிட்னிக்கே திருப்பிச் சொல்லும். அந்த வேலையில பொட்டாசியம் வெளிய போயிரும்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. இது என் நாத்தனாரின் போன் மாதிரி. அவர் சாதாரணமாக ஒன்று சொல்வார். அது சித்தி வீட்டுக்குப் போகும், அங்கே கொஞ்சம் வெட்டி ஒட்டப்படும். பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது கூர்மையாகிவிடும். கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது கத்தியாக இறங்கும். இதை டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவும் நாத்தனாருக்குப் போயிருக்கும்.

என் கணவருக்கு வேறு மாதிரி புரிந்தது.

"அப்போ கீழ நிக்கிறவனுக்குச் சரக்கு கண்ல படல. படாததால ஏத்து, ஏத்துன்னு சைகை காட்டிக்கிட்டே இருக்கான். மேல உக்காந்திருக்கிறவனும் ஏத்திக்கிட்டே இருக்கான்."

"கிட்டத்தட்ட" என்றார் டாக்டர். "ஆனா உங்க கதையில மேல ஒரே ஆள்தான். இங்க ரத்தக்குழாய், சுரப்பி, இதயம்னு கேக்குற காது நிறைய."

வெளியே நாற்காலியில் காத்திருந்த கொடியிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எந்தச் சைட்ல எது விழுந்தாலும் கடைசில சிக்னல் காட்டுறவன் தலையிலதான் கட்டுவீங்க. இப்ப உடம்புக்குள்ளயும் அப்படித்தானா அண்ணே?"

எனக்கு வந்தது வேறு வருத்தம். இத்தனை நாளும், என் வாயின் வல்லமையால் ஒரு மனிதரின் ரத்தம் கொதிக்கிறது என்று நம்பியிருந்தேன். இப்போது பார்த்தால், ஒரு கைப்பிடி அளவுள்ள உறுப்பு, ஒரு வார்த்தைகூடப் பேசாமல், தவறான தகவலை வைத்துக்கொண்டு, அத்தனையையும் செய்து முடித்திருக்கிறது. வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? நீ காரணம் இல்லன்னு தெரிஞ்சா சந்தோஷம்ல படணும்?"

"படுறேன்."

"கொஞ்சமாவது நீயும் ஏத்திருப்ப. விடு" என்று ஆறுதல் சொன்னார்.

நாத்தனார் செய்தியைக் கேட்டுவிட்டு, "அந்தக் குழாயே உன் வாய்க்குப் பயந்துதான் சுருங்கிருக்கும்" என்றார். தோல்வியை ஒப்புக்கொள்ளாத அந்தக் குணத்தில் என்னை நான் பார்த்தேன். அதனால் மறுத்துப் பேசவில்லை.

தொடை வழியாக மெல்லிய கம்பியை விட்டு, அடைப்புக்குள் ஒரு சிறு வலைக்குழாயை வைத்து விரித்தார்கள். எல்லோருக்கும் இது பலிக்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். பலித்தது. முழுதாக இல்லாவிட்டாலும், மூன்று மாத்திரை ஒன்றாகும் அளவுக்கு. வார்டில் கையில் பட்டையைக் கட்டி நர்ஸ் அளந்துகொண்டிருந்தபோது, என் கணவருக்கு ஒரு யோசனை வந்தது.

"சிஸ்டர், ஒரு நிமிஷம். பட்டையக் கழட்டாதீங்க. ஏய், இப்ப என்னைத் திட்டு."

"ஆஸ்பத்திரியிலயா?"

"எவ்வளவு ஏறுதுன்னு பாப்போம். சும்மா பேச்சுக்குத் திட்டாத. மனசார திட்டு."

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நான் ஆரம்பித்தேன். குழாயில் தொடங்கி, மாற்றிச் சொன்ன கதைகளுக்குப் போய், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தானாகச் செத்துப்போக முடிவு செய்ததில் வந்து நின்றேன். அந்த இடத்தில் மூச்சு வாங்கியது. இவ்வளவு நன்றாக நான் திட்டியதே இல்லை. நர்ஸ் மெஷினைப் பார்த்தார்.

"கொஞ்சம் ஏறிருக்கு. மாடிப்படி ஏறினா இதைவிட அதிகமா ஏறும்" என்றார்.

பக்கத்துப் படுக்கைக்காரர் அனுதாபத்தோடு என்னைப் பார்த்தார்.

நர்ஸ் சும்மா இல்லாமல் என் கையிலும் பட்டையைக் கட்டி அளந்தார். என்னுடையதுதான் ஏகத்துக்கு ஏறியிருந்தது.

கம்பெனி டாக்டர் இம்முறை ஒரு கையில் மட்டும் அளந்தார். பேனாவைத் திறந்தார். மேலே ஏறலாம், ஆனால் மாதா மாதம் அளந்து காட்ட வேண்டும் என்று கையெழுத்துப் போட்டார்.

அவர் ஏறுகிற முதல் நாள் பார்க்க நானும் போனேன். அச்சகத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டு வெளி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே இரண்டு கிரேன்கள். கூண்டு அங்கிருந்து பார்த்தால் தீப்பெட்டி அளவுதான். எங்கள் கிரேன் எது என்று எனக்குத் தெரியும் என்ற முழு நம்பிக்கையோடு கையை உயர்த்தி ஆட்டினேன். கூண்டுக்குள்ளிருந்தும் ஒரு கை அசைந்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இன்னும் பலமாக ஆட்டினேன். அங்கேயும் பலமாக ஆட்டினார்கள். தோள் வலிக்க வலிக்க ஆட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஊரான் கிரேனுக்கெல்லாம் கைய ஆட்டுறியே, வெக்கமா இல்ல?"

"எது ஊரான் கிரேன்? நான் ஆட்டினது இடது பக்கக் கிரேனுக்கு. உங்களதுதான் இடது."

"என்னோடது வலது. அந்தப் பய வயர்லெஸ்ல கேக்குறான், 'யாரோ ஒரு பொம்பள எனக்கு அழுதுகிட்டே டாட்டா காட்டுது, போலீஸ கூப்பிடவா'ன்னு."

"கேட்லருந்து பாத்தா உங்களதுதான் இடது."

"எந்த கேட்?"

அந்தச் சண்டை அன்று முடியவில்லை. கட்டடம் முடிந்தது, மொட்டை மாடிக்கான கடைசிக் கம்பியை அவர்தான் வைத்தார். அதற்குப் பிறகு இன்னொரு கட்டடமும் முடிந்தது. அந்தச் சண்டை மட்டும் முடியவில்லை. சாப்பிடும்போது கரண்டியைக் கேட் என்று வைத்து விளக்குவார். நான் கரண்டியை நகர்த்தி வைப்பேன்.

அவரைக் கொண்டுபோனது சிறுநீரகமும் இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை. நுரையீரலில் வந்த ஒரு தொற்று. சில நாள்களிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அதிலும் எனக்குப் பங்கு எதுவும் இல்லை என்று டாக்டர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் கேட்காமலே சொன்னார்கள். என் முகம் கேட்டிருக்க வேண்டும்.

கடைசிப் பகலில் பேச மூச்சு இல்லை. போர்வையின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். அது தெரு. கோட்டில் ஓரிடத்தைத் தட்டினார். அது கேட். கொஞ்சம் தள்ளி இரண்டு புள்ளி வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கேட் அங்க இல்லங்க" என்றேன்.

ஆக்சிஜன் முகக்கவசத்துக்குள் சிரித்தார். கண்ணாடி போன்ற அந்தக் கவசம் ஒரு கணம் மங்கித் தெளிந்தது.

இப்போது அந்த இடத்தில் கட்டடம் மட்டும்தான் இருக்கிறது. பஸ்ஸில் அந்த வழியாகத்தான் அச்சகத்துக்குப் போகிறேன். அந்தப் பழைய கேட் எங்கே இருந்தது என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. நான் சொன்னதுதான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மறுத்துப் பேச ஆள் இல்லாததால் அந்த நினைப்பு நாளுக்கு நாள் பலவீனமாகிக்கொண்டே வருகிறது.